நிறம் பூசாத இடம்

போன ஐப்பசியில் மழை தொடங்கிய கிழமை, என் பெறாமகள் கைத்தொலைபேசிக்கு ஒரு படம் அனுப்பினாள். கறுப்புப் பின்னணி. நடுவில் ஊதாவும் வெள்ளையுமாக ஒரு கோணல் வளையம், அவரை விதை மாதிரி ஒரு பக்கம் உள்ளே குழிந்திருந்தது. வளையத்துக்கு வெளியே தனியாக ஒரு சின்னப் பொட்டு, அதன் பின்னால் தேய்ந்துகொண்டே போகும் ஒரு வால். இடதுபக்கக் கீழ் மூலையில் மட்டும் வளையம் சட்டென்று அறுந்து, கத்தியால் வெட்டியதுபோல் ஒரு நேர்கோட்டில் நின்றிருந்தது.

"வியாழன்ர வடதுருவம் சித்தி. அங்க வாற துருவ ஒளி. ஜூனோ எண்ட விண்கலம் எடுத்தது" என்று ஒரு குரல்பதிவும் கூடவே வந்தது.

நான் திருப்பிக் கேட்ட முதல் கேள்வி, "இந்த மூலை ஏன் பிள்ளை கறுப்பா இருக்கு?"

"அங்க ஒளி இல்லையாக்கும்."

"ஒளி இல்லையா, இல்லாட்டி பாக்கேல்லையா?"

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு, "தெரியேல்ல சித்தி, தேடிப்போட்டுச் சொல்லுறன்" என்று எழுதினாள். பம்பைமடுவில், வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். பௌதிகவியல் அவளுக்குப் பிடித்த பாடம். விடை தெரியாத கேள்வியோடு நித்திரைக்குப் போகாத பிள்ளை.

அந்தக் கேள்வி எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். 2010 தொடக்கம் ஏழு வருடங்கள் நான் கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்தேன். முதல் இரண்டரை வருடம் நிலத்தில், மிச்சம் வரைபடப் பகுதியில். விடிய முன்னம் வாகனம் வரும். கவச அங்கி, முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு, கையில் விறாண்டி. ஒரு மீற்றர் அகலத்தில் ஒரு பாதை உங்களுக்கென்று தரப்படும். தேடி முடித்த மண்ணில் மட்டும்தான் முழங்கால் ஊன்றலாம். முன்னால் ஒரு குறுக்குத் தடி கிடக்கும். அதற்கு இந்தப் பக்கம் பார்த்த மண், அந்தப் பக்கம் பாராத மண். கொஞ்சம் விறாண்டுவோம், பார்ப்போம், தடியை ஒரு சாண் முன்னே தள்ளுவோம். வெயிலில் நாள் முழுக்க இருந்து எழும்பினால் பாய் விரிக்கிற அளவு இடம்தான் முடிந்திருக்கும், சில நாட்களில் அதுவும் இல்லை. பக்கத்துப் பாதையில் இன்னொருத்தி. அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி. அந்தக் கீலங்களை எல்லாம் ஒட்டினால் ஒரு காணி.

வரைபட அறைக்கு மாறிய பிறகு ஒட்டுகிற வேலை என்னுடையதானது. ஆபத்தான இடம் சிவப்பு, துப்பரவு செய்த இடம் பச்சை. இரண்டும் இல்லாத இடம் வெறும் தாள். ஒரு நாள், மீள்குடியேறி வந்திருந்த ஒரு ஐயா சுவரில் தொங்கிய வரைபடத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வெறும் தாளாக இருந்த ஒரு பக்கத்தை விரலால் தொட்டு, "அப்ப பிள்ளை, இதுக்க விறகு வெட்டப் போகலாம்தானே?" என்று கேட்டார். அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. சிவப்பைக் காணவில்லை, அதனால் பயமில்லை என்று நினைத்தார். "இல்லை ஐயா, அது நாங்கள் இன்னும் போகாத இடம்" என்று சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. அவர் கேட்காமல் போயிருந்தால்? அன்று பின்னேரமே அந்த வெறுமை முழுவதற்கும் சாம்பல் நிறத்தில் சாய்கோடுகள் போட்டேன். பார்த்து ஒன்றும் கிடைக்காத இடமும், பார்க்கவே பார்க்காத இடமும் ஒரே மாதிரித் தெரிகிற வரைபடம் ஆளைக் கொல்லும். அன்றைக்குப் பிறகு எந்த வரைபடத்தைக் கண்டாலும் என் கண் முதலில் போவது அதில் ஒன்றும் இல்லாத இடத்துக்குத்தான்.

இரண்டு நாள் கழித்து அவள் அழைத்தாள். "சித்தி, நீங்கள் கேட்டது சரி. அது பாக்காத இடம்தான். அவையளும் உங்கட மாதிரித்தான் செய்யினம். கீலம் கீலமா எடுத்து ஒட்டுறது."

அந்த ஒரு வசனத்துக்குப் பிறகுதான் நான் ஜூனோவைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினேன். ஒரு மாரிகாலம் முழுக்க வாசித்தேன். விளங்காததை எல்லாம் அவளிடம் கேட்டேன்.

ஜூனோவை நாசா 2011 ஓகஸ்ட் 5இல் ஏவியது. ஐந்து வருடம் பயணம் செய்து 2016 யூலைத் தொடக்கத்தில் வியாழனைப் போய்ச் சேர்ந்தது. துருவங்களுக்கு மேலால் போகிற ஒரு நீண்ட பாதையில் அது சுற்றுகிறது. பல நாட்கள் தூரத்தில் இருக்கும். பிறகு வடக்கால் இறங்கி வந்து, முகில்களை உரசுகிற மாதிரிக் கடந்து, தெற்கால் வெளியே போய்விடும். துருவத்தில் இருந்து துருவத்துக்கு இரண்டு மணித்தியாலம். 2016 ஓகஸ்ட் 27இல் முதல் தடவை நெருங்கியபோது முகில்களுக்கு மேலே சுமார் 4,200 கிலோமீற்றரில் பறந்தது. வியாழனின் குறுக்களவோ கிட்டத்தட்ட 1,43,000 கிலோமீற்றர். அந்த அளவுக்கு ஒட்டிப் போயிருக்கிறது. அவ்வளவு தூரத்தில் சூரிய ஒளியை வைத்தே வேலை செய்கிறது என்பதும் எனக்கு ஆச்சரியம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 9 மீற்றர் நீளமான மூன்று சோலார் தகடுகள். அங்கே அவை தருவது சுமார் 500 வாட், எங்கள் வீட்டு ரைஸ் குக்கர் குடிக்கிற மின்சாரம்.

இந்த விண்கலம் தன்னைத்தானே சுற்றிக்கொண்டே போகிறது, 30 செக்கனுக்கு ஒரு சுற்று. அதில் இருக்கும் புற ஊதாக் கருவி சாதாரணக் கமரா மாதிரி ஒரே தரத்தில் முழுப் படம் எடுப்பதில்லை. ஒரு ஒடுங்கிய பிளவின் வழியாகத்தான் பார்க்கும். பிளவின் நீளம் 7.2 பாகை, நிலவைப் பதினாலு தரம் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிய நீளம். அகலம் இரண்டு முனைகளிலும் 0.2 பாகை, நடுவில் அதைவிட எட்டு மடங்கு ஒடுக்கம். நாய் கடிக்கிற எலும்பின் வடிவம். விண்கலம் சுழல, அந்தப் பிளவு வியாழனின் மேல் ஒரு தரம் தும்புத்தடி இழுத்ததுபோல் போய்விடும். ஒரு இடம் அதன் அகலமான பகுதிக்குள் அகப்படுகிற நேரம் ஒரு செக்கனில் 60இல் ஒரு பங்கு. அடுத்த சுற்றில், முன்னால் இருக்கும் ஒரு கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் பக்கத்துக் கீலம். அந்தக் கண்ணாடியால் இந்தப் பக்கம் 30 பாகை, அந்தப் பக்கம் 30 பாகை வரை பார்வையைத் திருப்பலாம்.

அந்தக் குறுக்குத் தடியை நான் நினைக்காமல் இதை வாசிக்க முடியவில்லை. சாண் சாணாகத் தள்ளிய தடி அங்கே 30 செக்கனுக்கு ஒரு தரம் தள்ளப்படுகிறது.

கிட்டப் போனால் விபரம் கூடும், ஆனால் ஒவ்வொரு கீலமும் சின்னதாகிவிடும். துருவம் முழுவதையும் மூட நேரம் காணாது. தூரத்தில் நின்றால் முழுதும் அகப்படும், விபரம் குறையும். அவள் அனுப்பிய படத்தின் அறுந்த மூலை இப்படித்தான் வந்தது. கலம் வேகமாக இறங்கிக்கொண்டிருந்தபோது பார்வை எட்டாமல் போன பக்கம் அது. இன்னொரு சிக்கலும் உண்டு. வியாழன் 9 மணி 55 நிமிடத்தில் தன்னைச் சுற்றிவிடுகிறது. துருவ ஒளியும் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது. முதல் கீலத்துக்கும் கடைசிக் கீலத்துக்கும் இடையில் அரை மணித்தியாலம் போயிருந்தால், அந்த வளையத்தின் ஒரு பக்கம் பழசு, மறு பக்கம் புதிது. எங்கள் வெடிகள் அப்படி ஓடுவதில்லை. மழைவெள்ளம் தள்ளிக்கொண்டு போன இடங்கள் உண்டு, ஆனாலும் அரை மணியில் அல்ல.

ஒட்டுகிற வேலைதான் என்னை அதிகம் இழுத்தது. கருவி அனுப்புவது படம் அல்ல, ஒரு பட்டியல். ஒரு ஒளித்துகள் வந்தது, இந்த நேரத்தில் வந்தது, பிளவின் இந்த இடத்தில் விழுந்தது, இன்ன அலைநீளம். அடுத்தது. அடுத்தது. அந்த நேரத்தில் கலம் எங்கே இருந்தது, எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, கண்ணாடி எத்தனை பாகை சாய்ந்திருந்தது என்பதெல்லாம் வேறு கோப்புகளில் இருக்கும். இரண்டையும் சேர்த்து, ஒவ்வொரு துகளுக்கும் ஒரு கோடு கீறி, அது வியாழனை எங்கே தொடுகிறது என்று கணிக்க வேண்டும். தொடுவதற்கு அங்கே தரை இல்லை. வளிமண்டலத்தில் எங்கள் தரையிலுள்ள அளவு அழுத்தம் இருக்கும் மட்டத்தில் இருந்து சுமார் 400 கிலோமீற்றர் உயரத்தில் அந்த ஒளி பிறக்கிறது என்று எடுத்துக்கொண்டு கணிக்கிறார்கள்.

சரி, தரையே இல்லாத கோளில், கிழக்கு மேற்காக இடத்தைக் குறிக்கும் நெட்டாங்குக் கோட்டை எதில் கட்டுவது? முகில்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு பட்டை முகிலும் ஒவ்வொரு வேகம். பெரிய சிவப்புப் பொட்டும் நகர்கிறது. இந்த இடத்தை வாசித்தபோது 2010இல் ஊர் திரும்பிய நாட்கள் ஞாபகம் வந்தன. வீடு இல்லை, வேலி இல்லை, ஒழுங்கை பற்றைக்குள் போய்விட்டது, பனைகளுக்குத் தலை இல்லை. எது யாருடைய காணி என்று சனம் தடுமாறியபோது கைகொடுத்தது கிணறுதான். தூர்ந்துபோயிருந்தாலும் கிணறு இடம் மாறாது. "எங்கட கிணத்தில இருந்து கிழக்கால இருபது அடி, அதிலதான் அடுப்படி" என்று அளந்து காணியை அடையாளம் கண்டோம். வியாழனில் அந்தக் கிணறு அதன் காந்தப்புலம். உள்ளே ஆழத்தில் உருவாகும் புலம் கோளின் அச்சில் இருந்து ஏறத்தாழ 10 பாகை சாய்ந்து நிற்கிறது. அது சுழலும்போது வெளியே வரும் வானொலி அலைகளில் ஒரு தாளம் கேட்கிறது. 9 மணி 55 நிமிடம், 30 செக்கனுக்குச் சற்றுக் குறைவு. அந்தத் தாளத்தில் கட்டித்தான் வியாழனின் நெட்டாங்கை எண்ணுகிறார்கள். கண்ணுக்குத் தெரிகிற எதையும் நம்பாமல், தெரியாத ஒன்றில் முளை அடித்திருக்கிறார்கள்.

வளையம் வடக்கில் கோணலாக இருப்பதற்கும் அந்தக் காந்தப்புலம்தான் காரணம். வடக்கில் புலம் சீராக இல்லை. தெற்கில் ஓரளவு சீர் என்பதால் அங்கே வளையமும் ஓரளவு வட்டம்.

பொய்ச் சத்தம் பற்றியும் சொல்ல வேண்டும். மண்ணுக்குள் உலோகம் தேடும் டிடெக்டரைப் பிடித்த எவருக்கும் அது தெரியும். ஆணி, தகரத் துண்டு, ரவைக் கோது, செல் சிதறு. எல்லாவற்றுக்கும் கருவி கத்தும். நூறு தரம் கத்தினால் நூறு தரமும் அதே கவனத்தோடு கிண்ட வேண்டும். ஜூனோவுக்கு அந்தத் தொல்லை தருவது வியாழனின் கதிர்வீச்சு. மிக வேகமான இலத்திரன்கள் கருவியின் கவசத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய், ஒளித்துகள் மாதிரியே நடித்துவிடும். டான்டலம் என்ற பாரமான உலோகத்தால் உணரியைச் சுற்றிப் போர்த்தியிருக்கிறார்கள், ஆனாலும் கொஞ்சம் புகுந்துவிடுகிறது. ஆகவே வந்த எண்ணிக்கையில் எவ்வளவு மெய், எவ்வளவு பொய் என்று கணக்கிட்டுக் கழிக்க வேண்டும். ஒளியே வர முடியாத பகுதியில் எவ்வளவு 'ஒளி' பதிவாகியிருக்கிறது என்று பார்ப்பது ஒரு வழி. விஞ்ஞானிகள் இன்னொன்றும் செய்தார்கள். அந்தப் பொய்ச் சத்தத்தை எறியாமல், வியாழனைச் சுற்றிக் கதிர்வீச்சு எங்கே எவ்வளவு என்பதை அறியவும் அதையே பயன்படுத்தினார்கள். நாங்களும் கிண்டி எடுத்த தகரங்களை எண்ணிப் பதிந்து வைப்போம். எங்கே சண்டை கடுமையாக நடந்தது என்பதை அந்த எண்ணிக்கை காட்டும்.

ஏன் புற ஊதா என்று அம்மாவும் கேட்டார். எங்கள் பூமியின் துருவ ஒளி பச்சையாகவும் சிவப்பாகவும் தெரிவது மேலே இருக்கும் ஒட்சிசனால். வியாழனின் மேல் வளியில் இருப்பது பெரும்பாலும் ஐதரசன். இலத்திரன்கள் பாய்ந்து வந்து அதில் மோதும்போது அது கொட்டுகிற ஒளியில் பெரும் பங்கு புற ஊதாவில் இருக்கிறது. எங்கள் கண்ணுக்கு அது இருட்டு. பூமியில் தொலைநோக்கி வைத்தாலும் அகப்படாது, எங்கள் வளிமண்டலத்தின் ஒட்சிசன் குடித்துவிடும். மேலே போகத்தான் வேண்டும். 1979 மார்ச்சில் வொயேஜர் 1 வியாழனைக் கடந்தபோதுதான் இந்தப் புற ஊதாத் துருவ ஒளி தெளிவாக அகப்பட்டது. அதன் பிறகு ஹபிள் தொலைநோக்கி 1990களில் வளையத்தைப் படமாகவே எடுத்தது.

ஹபிளுக்கு ஒரு பெரிய தடை. அது பூமியோடு இருக்கிறது. வியாழன் சூரியனில் இருந்து எங்களைவிட ஐந்து மடங்கு தூரம். ஆகவே அங்கிருந்து பார்த்தால் பூமி எப்போதும் சூரியனுக்குப் பக்கத்திலேயே நிற்கும், அதிகம் போனால் 12 பாகை விலகும். எங்களுக்குத் தெரிவது எந்நாளும் வியாழனின் பகல் பக்கம்தான். இரவுப் பக்கம் பூமியில் இருந்து எவரும் பாராத இடம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருகிறேன்.

இந்த ஒளிக்குப் பின்னால் இருக்கும் இயந்திரத்தைப் பற்றி வாசித்தபோது எனக்கு முன்னால் நின்றது கவிழ்த்து வைத்த ஒரு சைக்கிள். 1990களில் வன்னிக்குப் பொருளாதாரத் தடை. பற்றரி வராது, மண்ணெண்ணெய் தங்கத்தின் விலை, மின்சாரம் என்பது கதையில் வருகிற பொருள். செய்தி கேட்க வேண்டுமென்றால் அப்பா சைக்கிளைக் கவிழ்த்து வைப்பார். அண்ணா பெடலைக் கையால் சுற்றுவான். டயரோடு உரசிக்கொண்டு டைனமோ சுழலும். அதில் இருந்து இரண்டு வயர், ரேடியோ பாடும். நான் சுற்றியபோது கண்டுபிடித்த ஒன்று உண்டு. டைனமோவை ஒட்டாமல் சுற்றினால் சில்லு லேசாக ஓடும். ஒட்டி, ரேடியோவையும் கொழுவினால் பெடல் கனக்கும். ரேடியோவின் சத்தம் என் கையின் பலத்தில் இருந்து போகிறது என்று அந்த வயதில் எனக்கு விளங்கியது.

வியாழனில் அந்தச் சில்லு கோளேதான். அதன் சந்திரன் அயோவில் எரிமலைகள் இருக்கின்றன. கந்தகமும் ஒட்சிசனும் சேர்ந்த வாயுவை செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு தொன் கணக்கில் அவை வெளியே விடுகின்றன. அது மின்னேற்றம் பெற்று, வியாழனின் காந்தப்புலத்தில் கொழுவுப்பட்டு, கோளோடு சேர்ந்து சுற்றுகிறது. மெல்ல மெல்ல வெளியே பரவுகிறது. வெளியே போகப் போக அதே வேகத்தில் சுற்றவைப்பது கனமாகிறது, ரேடியோ கொழுவிய பெடல் மாதிரி. காந்தக் கோடுகள் வழியாகப் பெரும் மின்னோட்டம் ஓடி அந்தச் சுமையை இழுக்கிறது. அந்த ஓட்டத்தின் ஒரு முனை துருவத்துக்கு மேலே. அங்கே இலத்திரன்கள் வளிமண்டலத்துக்குள் கொட்டுகின்றன, வளையம் எரிகிறது.

நெடுங்காலம் கணக்கு இவ்வளவுதான் என்று நினைத்திருந்தார்கள். ஜூனோ அந்தக் கோடுகளுக்கு ஊடாகவே பறந்து அளந்தபோது சில இடங்களில் எதிர்பார்த்த மின்னழுத்தம் இருந்தது, பூமியில் காண்பதைவிட 10 முதல் 30 மடங்கு பெரிதாக. ஆனால் ஒளி மிகப் பிரகாசமாக இருந்த இடங்களில் இலத்திரன்கள் அப்படி ஒழுங்காக ஒரு திசையில் முடுக்கப்படவில்லை. மேலும் கீழுமாக, பலவித வேகத்தில், குழம்பிய நிலையில் பாய்ந்தன. 2017இல் வெளியான அந்த முடிவு பழைய விளக்கத்தைத் திரும்பவும் கேள்விக்குள்ளாக்கிவிட்டது.

படத்தில் வளையத்துக்கு வெளியே தெரிந்த பொட்டும் வாலும் அயோவின் காலடி. வியாழனின் காந்தப்புலம் அயோவைத் தாண்டி செக்கனுக்கு 57 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. அதற்குக் குறுக்கே அயோ நிற்பதால் சுமார் 4 இலட்சம் வோல்ட் உருவாகிறது. 4,22,000 கிலோமீற்றர் தூரத்தில் சுற்றும் ஒரு சந்திரன், தான் நிற்கும் காந்தக் கோட்டின் அடியில், வியாழனின் வளிமண்டலத்தில் ஒரு விளக்கைக் கொழுத்திக்கொண்டே நகர்கிறது. ஐரோப்பா, கனிமீடு என்ற மற்றச் சந்திரன்களுக்கும் அப்படிக் காலடி உண்டு. கலிலியோ 1610இல் கண்ட நான்கில் மிஞ்சியது கலிஸ்டோ. அதன் காலடி மிக மங்கல். பிரகாசமான வளையத்துக்குப் பக்கத்தில் விழுவதால் அதன் வெளிச்சத்துக்குள் மறைந்து கிடந்தது. 2019 செப்டெம்பரில் சூரியக் காற்றின், அதாவது சூரியன் வீசும் மின்னேற்றத் துகள்களின், ஒரு அடர்ந்த அலை வந்து தாக்கியபோது வளையம் நடுக்கோட்டுப் பக்கம் நகர்ந்தது. அந்த நேரத்தில் ஜூனோ மேலால் போய்க்கொண்டிருந்தது. கலிஸ்டோவின் தடம் அகப்பட்டது. அந்தப் பதிவுகளில் இருந்து அதை இனம்கண்டு 2025இல் வெளியிட்டார்கள்.

டிடெக்டரில் எனக்கு எப்போதும் பயமாக இருந்தது மெல்லிய சத்தம். மேலே கிடக்கும் சின்ன ஆணியா, ஆழத்தில் கிடக்கும் பெரிய வெடியா என்று சத்தம் மட்டும் சொல்லாது. துருவ ஒளியிலும் இதே குழப்பம் உண்டு. ஒரு இடம் பிரகாசமாக இருந்தால் அங்கே மெலிந்த இலத்திரன்கள் நிறைய வந்தனவா, வலுவானவை கொஞ்சம் வந்தனவா? இதற்கு அவர்களிடம் ஒரு அழகான வழி இருக்கிறது. வலுவான இலத்திரன்கள் ஆழத்துக்கு இறங்கும். அங்கே மெதேன் வாயு இருக்கிறது. மெதேன் 140 நனோமீற்றருக்குக் குறைந்த ஒளியைக் குடித்துவிடும், அதற்குக் கூடியதை விட்டுவிடும். ஆகவே 155இல் இருந்து 162 நனோமீற்றர் வரையுள்ள ஒளியை 123இல் இருந்து 130 வரையுள்ள ஒளியால் பிரித்துப் பார்த்தால் ஆழம் வந்துவிடும். எண் பெரிதென்றால் ஒளி ஆழத்தில் இருந்து வருகிறது, இலத்திரன் வலுவானது. அந்த எண்ணுக்கும் தனியாக ஒரு வரைபடம் கீறுகிறார்கள். பிரகாச வரைபடத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, எங்களுக்கும் இப்படி இரண்டாவது காது ஒன்று இருந்திருந்தால் எத்தனை பகல்கள் மிஞ்சியிருக்கும் என்று நினைத்தேன்.

அம்மாவிடம் இந்தப் படங்களைக் காட்டியபோது ஒன்றும் பேசாமல் பார்த்தார். பிறகு, "பரா வெளிச்சம் மாதிரிக் கிடக்கு" என்றுவிட்டுத் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தார். 2009 வரை இங்கே இருந்தவர்களுக்கு இரவு வானத்தில் ஒரு ஒளி என்றால் அதுதான். மெல்ல மெல்ல இறங்கிவரும் வெள்ளை வெளிச்சம், அதற்குக் கீழே பங்கருக்குள் ஓடும் சனம். நான் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து, இது எவரையும் தேடி வருகிற வெளிச்சம் இல்லை என்று சொன்னேன். எங்களில் இருந்து 60 கோடி கிலோமீற்றருக்கும் மேல் தள்ளி, ஐதரசனில் இலத்திரன் மோதி வருவது என்றும் சொன்னேன். சில நாட்கள் கழித்து அவராகவே, "அந்தக் கோணல் வளையத்தைக் காட்டு பாப்பம்" என்று கேட்டார்.

இனி இரவுப் பக்கம். 1994இல் ஹபிள் வியாழனின் விடியல் ஓரத்தில் ஒரு விசித்திரத்தைக் கண்டது. வளையத்தின் அந்தப் பகுதி திடீரென்று தடித்து, பல மடங்கு பிரகாசமாகி, சில மணித்தியாலம் எரிந்தது. விடியல் புயல் என்று பெயர் வைத்தார்கள். பிறகும் பல தரம் கண்டார்கள். ஆனால் ஒவ்வொரு தரமும் அது வளர்ந்த நிலையில்தான் பகல் பக்கத்துக்கு வந்தது. எங்கே பிறந்தது என்று பார்க்க வழியில்லை. பூமியில் இருந்து எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் அந்தப் பக்கம் வெறும் கறுப்பு.

துருவத்துக்கு மேலால் போகும் ஜூனோவுக்கு இரவும் பகலும் ஒன்றாகத் தெரியும். அதன் கீலங்களை ஒட்டி, பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பொன்ஃபோன் தலைமையிலான குழு 2021இல் அந்தப் பிறப்பை வெளியிட்டது. நள்ளிரவுப் பக்கத்தில் முதலில் சில சின்னப் பொட்டுகள். பிறகு வளையத்தின் அந்தப் பகுதி நெளிகிறது, வீங்குகிறது, கோளோடு சேர்ந்து விடியல் பக்கம் சுழன்று வரும்போது கொழுந்துவிட்டு எரிகிறது. பூமியில் வரும் துருவ ஒளிப் புயல்களும் இதே வரிசையில்தான் நடக்கின்றன. பூமியினுடையதைத் தூண்டுவது சூரியக் காற்று. வியாழனுடையது பெரும்பாலும் தன் சொந்தச் சுழற்சியாலும் அயோவின் சுமையாலும் ஓடுகிற இயந்திரம். இரண்டும் கடைசியில் ஒரே மாதிரி வெடிக்கின்றன என்பது, பூமியில் இருந்து ஒருவரும் பாராத அந்தப் பக்கத்தில் இருந்தது.

இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அந்த ஐயா விரலால் தொட்ட வெறும் தாள்தான் கண்ணுக்குள் நின்றது. அங்கே இருந்தது வேறு, ஆனால் தாள் ஒன்றுதான்.

தையில் பெறாமகள் விடுமுறைக்கு வந்தாள். முத்தையன்கட்டுப் பக்கம் அண்ணாவின் வயலில் காலபோக நெல் அறுவடைக்கு நின்றது. யானைக் காவல். நாங்கள் இருவரும் அண்ணாவோடு காவல் கொட்டிலில் ஏறி இருந்தோம். பனி இறங்கிக்கொண்டிருந்தது. வியாழன் உச்சிக்கு ஏறியிருந்தது. கண்ணைச் சிமிட்டாத ஒரே வெளிச்சம். அவள் வளாகத்தில் இரவல் வாங்கி வந்த பைனாகுலரைக் கொட்டில் தூணில் ஊன்றிப் பிடித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் மூன்று புள்ளி, மறு பக்கம் ஒன்று. எது அயோ என்று அவள் சொன்னாள். அது அந்த நேரத்திலும் அங்கே தன் காலடியைப் பதித்துக்கொண்டிருந்தது. அண்ணாவிடம் பைனாகுலரைக் கொடுத்து, "இதுதான் நீ சுத்தின சைக்கிள்" என்றேன். அவன் நெடுநேரம் பார்த்தான்.

ஜூனோவின் தரவுகளை நாசா எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. அவள் கொஞ்சநாளாக அவற்றை இறக்கி, தானே ஒரு வரைபடம் கீறப் பழகிக்கொண்டிருக்கிறாள். தென் துருவத்தில் முதலில் தடுமாறினாள். பல கட்டுரைகளில் தென் துருவத்தை, வடக்கில் நின்று கோளை ஊடுருவிப் பார்ப்பதுபோலக் கீறியிருப்பார்கள், நெட்டாங்கு இரண்டிலும் ஒரே பக்கம் ஓட வேண்டும் என்பதற்காக. அது விளங்கும்வரை அவளுடைய வளையம் இடம் வலம் மாறிக்கொண்டே இருந்தது.

போன கிழமை அனுப்பினாள். வட துருவம். வளையத்தில் ஒட்டுகள் கொஞ்சம் தெரிகின்றன, ஒரு கீலம் பக்கத்துக் கீலத்தைவிடச் சற்று மங்கல். கழிக்க வேண்டிய பொய்ச் சத்தம் இன்னும் மிஞ்சியிருக்கிறது போல. ஆனால் பார்வை எட்டாத மூலை கறுப்பாக இல்லை. சாம்பல் நிறத்தில் சாய்கோடுகள் போட்டிருந்தாள். ஓரத்தில் நிற விளக்கப் பெட்டி, அதில் கடைசி வரியாகத் தமிழில்: பார்க்கப்படவில்லை.

பெரிதாக்கிப் பார்த்தேன். அயோவின் வால் அந்தச் சாம்பலுக்குள் நுழைந்து மறைகிறது. அது அந்தப் பக்கம் எவ்வளவு தூரம் போகிறது, அடுத்த சுற்றில் ஜூனோ அங்கே திரும்பியிருக்கிறதா என்று கேட்டு எழுதினேன். "தேடிக்கொண்டிருக்கிறன் சித்தி, பொறுங்கோ" என்று பதில் வந்திருக்கிறது.